ஜி கம்பி, ஐந்தாவது ஃப்ரெட்

காலை எட்டு மணியிலிருந்து
ஐந்து கிலோ ஈயத்தைத் தோளில் மாட்டி நிற்பவள் நான்.
வண்ணாரப்பேட்டை ஸ்கேன் சென்டரில்
நெஞ்சு, இடுப்பு, முழங்கால், மறுபடி நெஞ்சு.
"மூச்ச இழுங்க. அப்படியே பிடிங்க. விட்டுரலாம்."
ஒரு நாளைக்கு அறுபது தடவை.

அதனால்தான்
உவரிக் கப்பல்காரர் லியோன் பர்னாந்து
கறுப்புப் பெட்டியைத் திறந்து
"தூக்கிப் பாருங்க" என்றபோது
காதுக்கு முன்னால் தோள் முடிவு செய்துவிட்டது.
கனமே இல்லை.

மேலே பார்த்தால் முழுக்கட்டை கிதார்தான்.
ஓட்டை கிடையாது,
கருப்பட்டிப் பாகு நிறம்,
முழங்கை உரசிய இடத்தில் மட்டும் வெளிறல்.
விரல்முட்டியால் தட்டினேன்.
நடுவில் டக். ஓரத்தில் தொம்.
"உள்ள குடைஞ்சிருக்கு" என்றார்,
"நுங்குல கண்ணு இருக்கும்லா, அது மாதிரி."
இரண்டு சீட்டுப் பணம் அன்றே போயிற்று.

கொம்பையாவுக்குப் பிடிக்கவில்லை.
எங்கள் குழுவின் டிரம்ஸ். கடிகாரத்துக்குப் பிறந்தவன்.
"கல்தூணே சுரம் பாடுத ஊர்ல
மரத்தக் குடைஞ்சாத்தான் சத்தம் வருமோ?"
பதில் தெரியவில்லை. வாசித்தேன்.

முழுக்கட்டையில் சுரம்
கரண்டுக் கம்பியில் வந்து உட்கார்ந்த காக்கை,
உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.
இதில் முதலில் கம்பி பேசும்,
கொஞ்சம் பொறுத்து மரம் "ஆமா" என்னும்.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பணம் கொடுத்தேன்.
கூர்மை உண்டு, குத்தாது.
பதநீரை எவர்சில்வர் டம்ளரில் குடிப்பதற்கும்
ஓலைப்பட்டையில் குடிப்பதற்கும் உள்ள தூரம்.
ஆம்ப்பை அணைத்த பிறகும்
வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகும்
எனக்கு மட்டும் எட்டுகிற அளவில்
அது தொடர்ந்து பேசும்.

ஒரே ஒரு குறை.
ஜி கம்பி, ஐந்தாவது ஃப்ரெட்.
தொட்டால் எங்கிருந்தோ ஒரு கரகரப்பு,
சீனியில் மணல் கடிபட்ட மாதிரி.
டியூட்டி முடிந்து நேரே பயிற்சிக்குப் போகிற நாளெல்லாம் வரும்,
சனிக்கிழமை மேடையில் வராது.
"கரையான்" என்றான் கொம்பையா, சந்தோஷமாக.

ஒரு ஞாயிறு மத்தியானம்,
பேஷண்ட் இல்லை, டாக்டர் இல்லை,
கிதாரை மேசையில் படுக்க வைத்தேன்.
தடுப்புக்குப் பின்னால் நின்று
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்,
"மூச்ச இழுங்க."
ரிசப்ஷனில் ஜெயசெல்வி சிரித்தது
கதவுக்கு இந்தப்பக்கம் கேட்டது.

திரையில் வந்தது.
பிக்கப் இரண்டும் சுண்ணாம்பு வெள்ளை,
நடுவே நெஞ்செலும்பாக ஒரு மரத்துண்டு,
இருபுறமும் இருட்டு.
ஒரு பக்க அறை நீளம், மறுபக்கம் கட்டை.
குமிழ்களுக்கும் ஒயர்களுக்கும் இடம் விட்டிருக்கிறது,
இதயத்துக்காக ஒதுங்கிய நுரையீரல் போல.
கரையான் இல்லை, கழன்ற ஆணி இல்லை.
சுத்தமான காற்று.
நார்மல் ஸ்டடி என்று எழுதிக் கொடுக்கலாம்.

அங்கேயே மாட்டிக்கொண்டு தொட்டேன்.
ஐந்தாவது ஃப்ரெட்.
கர்ர்.
ஜெயசெல்வி எட்டிப் பார்த்தாள்.
"யக்கா, ஒங்க பேட்ஜு."
கதிர்வீச்சை அளக்க
சட்டைப் பையில் குத்தியிருக்கும் பிளாஸ்டிக் பேட்ஜ்.
அதன் கிளிப், கிதாரின் தோளில் சாய்ந்து,
அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் நடுங்கியிருக்கிறது,
எட்டு மாதமாக.

கழற்றி மேசையில் வைத்தேன்.
ஈயம் பூசிய அந்த அறையில்
எதிரொலிக்க ஒன்றும் இல்லை.
சுரம் மட்டும் வந்தது,
மார்பெலும்பு வழியாக, உள்ளே.

சித்திரைக் கொடை, திசையன்விளைப் பக்கம்.
மணி ஒன்று. பணகுடிக் காற்று
மைக்கில் மோதிக்கொண்டிருந்தது.
பாட்டின் நடுவே அதே இடம்.
அழுத்திப் பிடித்தேன். கம்பி பேசியது,
மரம் ஆமா என்றது,
விடவில்லை.

கொம்பையாவின் குச்சிகள் மேலேயே நின்றன.
அடுத்த அடிக்கு
அவன் ஒரு நூலளவு பிந்தி வந்தான்.

அதைப்பற்றி நாங்கள் இதுவரை பேசிக்கொள்ளவில்லை.