மூன்றாம் எச்சரிக்கை

வானொலி இரண்டாம் எச்சரிக்கை என்றதும்
பூங்காவனம் ஏணியோடு புறப்பட்டான்,
கடல் பார்த்த சன்னல்களுக்கெல்லாம் பலகை அடிக்க.
'சி மோ தி கோனே' என்று முனகல்:
தெரிந்திருந்தால் நீள ஆணி வாங்கியிருப்பானாம்.
மஹேபூரில் அன்றைக்கு ஆணியே தீர்ந்துபோயிருந்தது.

நான் வரவேற்பு மேசைக்கடியில்
இத்தாலிய இலக்கணத்தை விரித்திருந்தேன்.

புயலுக்கு எங்களிடம் நான்கு படி.
'சே'க்கு அவர்களிடம் மூன்று:
நடக்கும்,
நடந்தாலும் நடக்கும்,
இனி நடக்காது.
சேக்குப் பின்னால் ரெப்பே வராது என்று
மூன்று இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.
மூன்று இடத்திலும் போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை.
வந்தால் என்போம்.
பத்து மணிப் பேருந்துக்கும் அதுதான்,
கைமாற்றாகக் கொடுத்த காசுக்கும் அதுதான்,
மீதியைப் புருவம் பார்த்துக்கொள்ளும்.
பிரித்துப் பார்த்தால் உள்ளே 'வந்த' இருக்கிறது.
இன்னும் வராத ஒன்றுக்கு
வந்துபோனதன் சட்டையை மாட்டிவிட்டு
இத்தனை காலம் பேசியிருக்கிறோம்.

பதினாறாம் அறை தார்ச்சீஸியோ
போன வருஷம் கேட்டார்:
சே வெனிஸ்ஸே ஓர்னெல்லா,
கடல் பக்கம் அறை மாற்றித் தர முடியுமா?
புத்தகத்தில் தேடிப் பிடித்தேன். இரண்டாம் படி.
சந்தேகம்தான், ஆனால் கதவு சாத்தவில்லை.

இன்றிரவு மின்சாரம் போய்
எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்துத் தரையில்.
டார்ச் வெளிச்சத்தில் அவர் கை மட்டும் தெரிகிறது,
ஒரு ரொட்டித் துண்டை உருட்டிக்கொண்டு.
சே ஃபோஸ்ஸே வெனூத்தா, என்றார்.
அதோடு நிறுத்திவிட்டார்.

வெட்கக்கேடு, முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்.
மூன்றாம் படி! காதாலேயே கண்டுபிடித்துவிட்டேன்,
கடைசியில் பெண்பாலுக்கு ஒரு 'தா' கூட.
வந்திருந்தால்.
பிறகுதான்
அர்த்தம் வந்து சேர்ந்தது,
ஈரக் குடையோடு, தாமதமாக.

கூரையில் எங்கோ ஒரு தகடு அடித்துக்கொண்டது.
துக்கம் விசாரிக்க என்னிடம் இத்தாலியச் சொல் இல்லை.
வீட்டுப்பாடம்தான் இருந்தது.
அவர் விட்ட பாதியைத் தடவித் தடவிப் பிடித்து
அவ்ரெப்பே அவூத்தோ பவூரா? என்றேன்.
பயந்திருப்பாரா?
ரெப்பே, முதல் தடவையாக, அதன் இடத்தில்.

ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.
வானொலி மூன்று என்றது.

இல்லை, என்றார்.
அந்தப் பையனுக்கு
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள்.