இனம் என்ற கட்டம்

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்துக்குப் பின்னால்
இ-சேவை மையத்தில் எனக்கு மூன்றாவது நாற்காலி.
மின்விசிறி உண்டு, என் பக்கம் திரும்பாது.

பத்தே முக்காலுக்குக் கனகவல்லி வந்தார்.
வீட்டில் கின் கின், ரேஷன் கார்டில்தான் கனகவல்லி.
பிஸ்கட் டப்பா நிறையத் தாள்கள்.
பேத்தியின் காலேஜில் கேட்கிறார்களாம்,
குடும்பம் பர்மாவிலிருந்து வந்ததென்று
அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமாம்.

திரையில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்: இனம்.
அம்புக்குறியைத் தொட்டால் பட்டியல் கீழே விழும்,
மாடியிலிருந்து உதறிவிட்ட புடவை மாதிரி.
"எதும்மா போடட்டும்?"
"இன்னா இருக்குதோ அத்த போடு."

இருப்பதைத்தான் டப்பாவில் தேடினோம்.

கொள்ளுத் தாத்தா கோதாவரிக் கரையில்
யாருக்கோ மகன், ஏதோ தெருவின் ஆள், அவ்வளவுதான்.
ரங்கூன் துறையில் மூட்டை இறக்கப் போனவர்
கோரங்கி ஆனார்.
அது ஒரு துறைமுகத்தின் பெயர்,
புயல் எப்போதோ தின்றுவிட்ட ஊர்.
அவர் அங்கே கப்பல் ஏறவேயில்லை.
ஊர் போன பின்னும் பெயர் மட்டும் கடல் தாண்டி
நின்றிருக்கிறது,
அடுத்து இறங்கும் முதுகுகளுக்காக.

அவர் மகன் கட்டியது தஞ்சாவூர்க் கூலி ஒருவரின் பெண்ணை.
அடுப்படியில் தமிழ் ஏறியது,
சாமிக்கும் கெட்ட வார்த்தைக்கும் மட்டும்
தெலுங்கு மிஞ்சியது.
பேரன் கொண்டையா பர்மியப் பள்ளியில் படித்தார்,
பர்மிய முடிச்சில் லுங்கி கட்டினார்,
சட்டைப்பையில் இருந்த அட்டை சொன்னது: அந்நியர், இந்தியர்.

அறுபத்தைந்தில் கப்பல் அவரை இங்கே கொட்டியது,
மூன்று வயது மகளோடு.
மேசைக்குப் பின்னாலிருந்து அதிகாரி கேட்டார்,
"என்ன பாஷை பேசுவே?"
பயத்தில் பதில் பர்மிய மொழியில் வந்தது.
தமிழர் என்று எழுதிக்கொண்டார் அதிகாரி.
வெளியே வந்ததும் தெரு சொன்னது: பர்மாக்காரன்.

டப்பாவின் அடியில் அந்தக் கப்பலின் சாமான் பட்டியல்.
அதிலும் ஒரு பத்தி, இனம்.
பித்தளைக் குடம் ஒன்று. கம்பளி இரண்டு.
தையல் மிஷின், கால் இல்லாதது, ஒன்று.
கனகவல்லி அதை விரலால் தடவி
"இங்கதான் கரீக்டா எழுதிக்கிறாங்க பாரு" என்றார்.

எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது.
என் பெயர் ஜெனிவீவ், பெரம்பூர்.
அம்மாவைத் தெருவில் சட்டைக்காரி என்பார்கள்.
லோகோ ஷெட்டில் வேலை கிடைப்பதற்காக
ஒரு வெள்ளைக்காரப் பாட்டனைத் தேடிப் பிடித்தார்கள் என்று
அத்தை சொல்வாள்,
ஒயின் அதிகமாகும் கிறிஸ்துமஸில் மட்டும்.
அந்தப் பாட்டனின் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது.
அவர் மூக்கு எனக்கு இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள்.
எனக்கும் சில நாள் கண்ணாடியில் தெரிகிறது.

சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது.
பட்டியலில் எதையோ தொட்டேன்.
தகப்பன் பெயர் அடிக்கத் தொடங்கினேன்,
முழுதாக அடிப்பதற்குள் கணினி முந்திக்கொண்டது.
சமர்ப்பித்த பிறகுதான் பார்த்தேன்,
கொண்டையா கொன்றையா ஆகியிருந்தார்.

திருத்த வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸ்,
மனு, பதினைந்து நாள். சொன்னேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி எழுத்துக்கூட்டினார்.
"பூவா?"
"மஞ்சப் பூம்மா. சிவன் தலையில வைக்கறது."
முதலில் தோள்தான் குலுங்கியது, சத்தம் பிறகு வந்தது.
வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
"எங்கப்பன் பூவே வச்சதில்ல.
இருக்கட்டும் விடு.
பொறக்கப் போற புள்ளைங்க
இதுக்கும் ஒரு கதை கட்டிக்கும்."

அறுபது ரூபாய், எல்லாம் சில்லறை.
எண்ணி முடிப்பதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டி போனது,
மேசையில் நாணயங்கள் அதிர்ந்தன.

இனம் என்ற கட்டத்தில் என்ன போட்டேன் என்று
அவர் கேட்கவில்லை.
எனக்கும் இப்போது நினைவில்லை.