கறை இல்லை என்றொரு முறைப்பாடு

இரவு பத்துக்குப் பிறகு பதில் எழுதுவதில்லை.
காசு கொடுத்துப் படித்த பாடம் இது.
போன மாரியில் ஒரு மஞ்சள் பெனியனுக்காக
மன்னார்க்காரி ஒருத்தியோடு விடியுமட்டும் வாதாடி,
பெனியனும் போய், அறுநூறு ரூபாவும் போய்,
கடைசியில் அவள் என்னை புளொக் பண்ணியபோது
மல்லாவிச் சந்தியில் முதல் பஸ் ஹோண் அடித்தது.

அதற்குப் பிறகு
வெயிலில்தான் படம் எடுக்கிறேன்,
அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து.
கறை இருந்தால் முதல் படம் கறைதான்.
கிரவல் ஒழுங்கையில் விழுந்தெழும்பிய கழுசானுக்கு
எந்தச் சவர்க்காரமும் மருந்தில்லை.
"முழங்காலில் செம்மண். போகாது. இருநூறு ரூபா"
என்று எழுதிவிட்டால்
அதையே கேட்டு நாலு பேர் வருகிறார்கள்.

ஆனாலும் வரும்.
"அக்கா, மூண்டு வயசெண்டு போட்டிருந்தீங்கள்,
என்ர பிள்ளைக்குத் தலை போகுதில்லை."
பிள்ளையின் தலைக்கு நான் என்ன செய்ய
என்று எழுதி, அழித்து,
"கழுத்துத் தெறியைக் கழட்டிப் பாத்தீங்களோ தங்கச்சி?"
நெடுங்கேணித் தர்மினிக்கு டெற்றோல் மணம் ஒத்துவரவில்லை.
செட்டிகுளத்து றொசிற்றாவுக்கு
படத்தில் நீலம், கையில் ஊதா.
இன்னொருத்தி, பொக்கற்றுக்குள்
ஒரு போளையும் பாதி பிஸ்கற்றும் கிடந்ததென்று
எறும்போடு படம் அனுப்பினாள்.
மன்னிப்புக் கேட்டேன்.
போளையை வைத்திருக்கச் சொன்னேன்.

மன்னிப்புக்கும் ஒரு அளவு இருக்கிறது,
உடுப்பைப் போல.
சிறிதானால் அவர்களுக்கு இறுக்கும்.
பெரிதானால் நான் அதற்குள் காணாமற் போவேன்.

புரட்டாதிக் கடைசியில்
ஒட்டுசுட்டானிலிருந்து தயாழினியின் வொயிஸ்.
வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ரோசாப்பூத் தையல், ஆயிரத்து நானூறு.
நாற்பத்தொரு வினாடி.
முதல் இருபதும் கோழிச் சத்தம்.
பிறகு,
"சட்டையில கறை இல்லை."
மிச்சத்துக்குக் காத்திருந்தேன்.
"ஒரு நூல்கூட இளகேல்லை. தோய்ச்ச மாதிரியே இல்லை.
குறை நினைக்காதேங்கோ அக்கா.
இதைப் போட்ட பிள்ளை... இருக்குதோ?"

இதற்கு என்னிடம் விதி இல்லை.
எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை
யாரும் சும்மா கேட்பதில்லை.
கேட்டவரைக் கோபிப்பதும் இல்லை.

நேரம் பத்தரை. எழுதினேன்.
சுவிசில் மச்சாள் வாங்கிப் பெட்டியில் போட்டு
கப்பலில் விட்டது. வந்துசேர நாலு மாதம்.
சட்டை கடலில் கிடந்தது,
பிள்ளை இங்கே சோறு தின்று வளர்ந்தது.
பெட்டி பிரிக்கிற நேரம் கை நுழையவில்லை.

வாசித்துப் பார்த்தால்
எனக்கே அது பொய்போல் இருந்தது.
எழும்பிப் போய் லைற்றைப் போட்டு
நுளம்பு வலைக்குள் கிடந்த லக்சிகாவைப் படம் எடுத்தேன்.
வாய் பிளந்தபடி,
முன்பல் இரண்டும் இல்லாமல்,
காலில் அவள் சொறிந்து சொறிந்து ஆறவிடாத புண்.
அனுப்பினேன்.
"காசு வேணுமெண்டால் திருப்பித் தாறன். பஸ் கூலியும்."

இரண்டு நீலக் கோடு.
பதில் இல்லை.
ஆயிரத்து நானூறை எடுத்து
மாப்பேணிக்குள் தனியே வைத்தேன், தொடாமல்.

ஒன்பதாம் நாள், முதல் மழைக்கு அடுத்த காலை,
ஒரு படம் வந்தது.
வெள்ளைச் சட்டைக்காரி கோழிக்கூட்டுக்கு முன்னால்,
ரோசாப்பூவிலிருந்து விளிம்பு மட்டும் கிரவல் தண்ணி.
கீழே ஒரு வரி:
"இனித் திருப்பி எடுக்க மாட்டீங்கள் என்ன?"

பெருப்பித்துப் பார்த்தேன்.
போகாது.
உப்பும் தேசிக்காயும் போட்டுப் பாருங்கோ
என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே
மேலே றொசிற்றா:
"அக்கா, அந்த ஊதாவில
தெறி ஒண்டு குறையுது."