இடக்கை மோதிர விரல்

எங்கள் வீட்டுக்கும் ஜொகுடு வீட்டுக்கும் நடுவே
இரண்டு தார்ப்பாய்,
ஒரு முழ இடைவெளி,
அதில் ஒரு பப்பாளிக் கன்று.
அவள் வெங்காயம் நறுக்கினால் என் கண் கரிக்கும்.
ஆகவே
தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

யேயில் எல்லாருக்கும் மண்சுவர்.
எதையும் விழுங்கிக்கொள்ளும்.
அங்கேயும் அடித்தாரா என்று ஒருநாள் கேட்டேன்,
குழாயடியில், மஞ்சள் கேன் நிரம்பும் நேரத்தில்.
"அங்கே அவருக்கு நூற்றிருபது பிள்ளைகள்" என்றாள்.
கணக்கு வாத்தியார், பிட்டியா.
பதில் அவ்வளவுதான்.
கேன் வழிந்தது.

இங்கே அவனுக்கு எண்ண ஒன்றுமில்லை,
மாதம் ஒருமுறை வரும் சோளத்தைத் தவிர.
அதுவும் அட்டை அவள் பெயரில்.
பெண் கையில் கொடுத்தால் பிள்ளை வயிற்றுக்குப் போகும் என்று
யாரோ நல்ல மனசோடு போட்ட விதி.
அட்டை வந்த வாரமே முதல் அறை விழுந்தது,
சாராயக்காரிக்கு அரை மூட்டை தரமாட்டேன் என்றதற்கு.

காயா ஆற்றைக் கடந்தபோது
பின்னாலிருந்து சுட்டுக்கொண்டே வந்தார்களாம்.
இடுப்பளவு தண்ணீர்.
சின்னவன் அப்பன் தோளில்.
வழுக்கி விழுந்தவளுக்கு அவன் கை நீட்டினான்.
அதைப் பிடித்துத்தான் உகாண்டாவில் கரையேறினாள்.
அதே கையைத்தான்
இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் நீட்டுகிறான்.

போர் அவனை இப்படி ஆக்கிவிட்டது என்கிறார் பாதிரியார்.
கம்பாலாவிலிருந்து வந்த பெண்
எங்களை வட்டமாக உட்காரவைத்து
படம் வரைந்து காட்டினாள்:
காயம் பட்டவர்தான் காயப்படுத்துவார்.
தலையாட்டினோம். பிஸ்கெட் நன்றாக இருந்தது.
எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.
அவளுக்கும் அதே போர்தானே?
அவள் தம்பியைத்தானே வீட்டுக்குள் வைத்துக் கொளுத்தினார்கள்?
அவள் யாரை அடித்தாள்?
ஒரு கோழியை விரட்டக்கூடத் தெரியாதவள்.
(இல்லை, பொய். என் கோழியை ஒருமுறை விரட்டினாள்.)

நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள்.
ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.
என் புருஷன் புரண்டு படுத்து
"குடும்ப விஷயம்" என்றான்.
அதைச் சொல்ல
அவன் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று சோள நாள்.
வரிசையில் எனக்கு முன்னால் அவள்.
மெஷினில் கட்டைவிரலை வைத்தாள்.
சிவப்பு விளக்கு.
பாவாடையில் துடைத்து வைத்தாள்.
சிவப்பு.
"நீதான் நீ என்று இது ஒப்பவில்லையே" என்று
சிரித்தான் பதிவுப் பையன்.
பிறகு விரலைப் பார்த்தான்.
வீங்கி, நகம் கறுத்து,
ரேகையெல்லாம் பூசி மெழுகினதுபோல்.
சிரிப்பை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.
"கதவில் நசுங்கியதா?"
எங்களுக்கு ஏது கதவு.

வேறு விரல் என்றான்.
ஒவ்வொன்றாக வைத்தாள்.
இடக்கை மோதிர விரலுக்குப் பச்சை எரிந்தது.
உரக்க வாசித்தான்: "ஜொகுடு. குடும்பம் நான்கு பேர்."
"மூன்று" என்றாள்.
"யாராவது இறந்துபோனாரா?"
"இல்லை."
பின்னால் ஒருத்தி செருமினாள்.
அட்டையைப் பிரிக்க வேறு படிவம்,
அவன் கையெழுத்து,
அதற்கான ஆள் வியாழக்கிழமைதான் வருவார்.
"மூன்று" என்றாள் மறுபடியும்,
பையனிடம் இல்லை,
மெஷினிடம்.

நான்கு பேருக்குத்தான் அளந்தார்கள்.
மரத்தடியில் குந்தி ஒரு பங்கைத் தனியாகப் பிரித்துக் கட்டினாள்,
கணக்குத் தவறாமல்,
ஒற்றைக் கையாலும் பல்லாலும்.
மூட்டையைத் தூக்க அந்த ஒரு கை போதவில்லை.
நான் கை நீட்டினேன்.
அவள் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான்
மூட்டையின் ஒரு காதை என் பக்கம் திருப்பினாள்.
வழியெல்லாம் பேசவில்லை.

வியாழனுக்கு இன்னும் மூன்று இரவு.
ரேடியோவிலிருந்து
பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.