நாலரை அடி

முதல் சீசன்:
ஆட்டம் பதினொன்று. கோல் இல்லை.
அடிக்கத் தோதாகத் தள்ளிக் கொடுத்தது ஒன்று.
தண்டனையாக வெளியே உட்கார்ந்த நிமிடம் பதினான்கு.
ஸ்கோர் தாளில் என் பெயர் செங்கோடி.
அப்பா பார்த்திருந்தால் தாளைக் கிழித்திருப்பார்.
ஹார்பர் வேலைநிறுத்தத்தில் அவர் சஸ்பெண்டான வாரம்
பிறந்தவள் நான், செங்கொடி.

விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேட்டில்
எனக்கு வேறொரு தாள்.
எந்த போட்டுக்கு எத்தனை பார் ஐஸ் என்று
கோடு கிழிக்கிறேன்.
நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக.
ஐஸ் கம்பெனி என்றால் குளிரும் என்று நினைப்பார்கள்.
வேர்க்கும்.
கிரஷர் ஓடும்போது கத்திப் பேசவேண்டும்,
பேச அப்படி ஒன்றும் இருக்காது.

தண்டையார்பேட்டையில் மூடிப்போன எண்ணெய் குடோனில்
சக்கரம் கட்டி ஆடுகிறோம்.
சிமெண்ட் தரை. இரண்டு இடத்தில் பொரிந்திருக்கும்.
மூன்றாவது இடத்தில், மழை பெய்தால்,
பழைய எண்ணெய் கசிந்து மேலே வரும்.
அங்கே எந்தச் சக்கரமும் நிற்காது.
எதிரணிக்கு இதை நான் சொன்னதில்லை.

இடதுபக்க ஃபார்வர்டு. மூன்றாவது லைன்.
மூன்றாவது லைன் என்றால்
முதல் இரண்டும் மூச்சு வாங்கும்போது
முப்பது விநாடி.
உள்ளே போ, ஒருத்தியைத் தடுப்போடு அழுத்து,
வட்டைக் கிளறி எடு, யாருக்காவது தள்ளு,
வெளியே வா.
ஈரத்துணி பிழிகிற மாதிரி.
அதற்கு யார் கைதட்டுவார்கள்?

பெரம்பூர் டீமோடு ஒரு கோல் விழுந்தது.
பெர்னதெத் அடித்தாள்.
என் முழங்காலில் பட்டுத் திரும்பித்தான் உள்ளே போனது.
வலித்ததால் எனக்குத் தெரியும்.
தாளில் பெர்னதெத் என்று எழுதினார்கள்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
ரயில்வே வேலைக்கு அவளுக்கு
இன்னும் இரண்டு கோல் வேண்டியிருந்தது.
நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள்.
அன்றைக்கு இரவு முழுக்க
அந்தக் கோலை என் பெயருக்கு
மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜனவரியில் கடிதம்.
மலைநாட்டில், உறைந்த ஏரியின் மேல், ஐஸ் ஹாக்கி முகாம்.
சக்கரம் கிடையாது, கத்தி.
இருபத்தாறு பேரைக் கூப்பிட்டுப்
பதினெட்டு பேரை வைத்துக்கொள்வார்களாம்.
படிவத்தில் ஒரு கட்டம்:
ஐஸில் அனுபவம் உண்டா?
ஆறு வருடம் என்று நிரப்பினேன்.
பொய் இல்லையே.

இரவல் காலணி ஒரு நம்பர் பெரிசு. பஞ்சு திணித்தேன்.
அன்றைக்கு லோடு ஏற்றவேண்டிய போட் தாமதம்.
தேசிங்கு ஒரு பாரை இழுத்துத் தரையில் கிடத்தினான்.
நாலரை அடி நீளம். அகலம் ஒரு சாண்.
ஜுபேர் ஒரு முனையை மிதித்துக்கொண்டான்.
"ஏறு, இன்னா ஆயிடப் போவுது."

ஏறினேன்.
ஆறு வருடமாக விரலை எரித்த பொருள்
காலுக்குக் கீழே ஒன்றும் சொல்லவில்லை.
சக்கரம் பேசிக்கொண்டே போகும்,
கல், மண், விரிசல் எல்லாம் கணுக்காலுக்கு வந்துவிடும்.
இது வாயே திறக்கவில்லை.
ஒரு தள்ளு.
ஒரு முழம் போனேன்.
போனேனா, பாரின் முனை என்னிடம் வந்ததா,
இப்போதும் தெரியவில்லை.

விழுந்ததில் எனக்கு முட்டி வீங்கியது.
பார் இரண்டாகப் பிளந்தது.
மாடியிலிருந்து பாஷ்யம் சார்:
"ஒரு பார் உன் கணக்குல."
கணக்கு எழுதுகிறவள் நான்தானே.
என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

துண்டுகளையும் கிரஷரில் தள்ளினார்கள்.
கத்தி கீறிய தடம் வெள்ளையாய்
வாய்க்குள் போவதைப் பார்த்தேன்.
போட் அதை வயிற்றில் வாங்கிக்கொண்டு
பதினைந்து நாளுக்குக் கடலுக்குள் போனது.
அது கரைக்கு வரும்போது
நான் பதினெட்டில் ஒருத்தியாக அங்கே இருக்கலாம்,
எட்டில் ஒருத்தியாகத் தாளோடு இங்கே நிற்கலாம்.
எப்படியும்
வஞ்சிரம் கெடாமல் வரவேண்டும்.