ஸ்டாம்ப் வாங்கும் வரிசை

கோத்தகிரி தபால் ஆபீஸில் எனக்கு
ஒரு வேலையும் கிடையாது.
கடிதம் எழுத ஆளில்லை.
ஆனாலும் வாரத்துக்கு ஒருநாள்
இலை லாரி டானிங்டனில் டீசல் போடும் நேரத்துக்குள் ஓடிவந்து
இரண்டாவது கவுண்டரில் நிற்கிறேன்,
ஒரே ஒரு ஐந்து ரூபாய் ஸ்டாம்புக்காக.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பியூலா.

ஆமாம், அந்தப் பியூலாதான்.
'நாலாம் நம்பர் லயம்' எழுதி, மெட்டுப் போட்டு,
பங்கு மண்டபத்து மேடையோரம் ஆர்மோனியத்தோடு
நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள்.
சிலோனிலிருந்து வந்த எங்களுக்கு
லயம் என்றால் வீட்டு வரிசை.
தாளத்துக்கும் அதே சொல்தான் என்று
அவள் சொல்லித்தான் தெரியும்.

பதினேழு பாட்டு. ஒரு தகரக் கூரை, ஏழு குடும்பம்.
மண்ணெண்ணெய் க்யூவிலேயே ஒரு கல்யாணம் நிச்சயமாகும்.
பதினொரு தடவை பார்த்தேன்.
ஏழாம் தடவை கங்காணி வேஷக்காரனுக்கு அடி மறந்தபோது
மூன்றாம் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்.
இன்றுவரை அவன் நன்றி சொல்லவில்லை.
ரேஷன் கடையில், ஜீப்பில், பிரசவ வார்டு வாசலில்
"தகரமே தகரமே, மெல்லப் பேசு" என்று ஒருவர் தொடங்கினால் போதும்,
மிச்சத்தை நிற்கிறவர்கள் முடித்துவிடுவார்கள்.

பிறகு ஐந்து வருஷம் ஒன்றுமில்லை.
பிறகு 'உறைபனி அறிவிப்பு'.

நாலே நாலு பாட்டு.
கருகிய கொழுந்துகளுக்கு நடுவில் ஒருத்தி
கரண்டியால் டம்ளரைத் தட்டுகிறாள்.
தட்டுகிறாள். நிறுத்துகிறாள்.
நிறுத்தியது நிறுத்தியபடியே கிடக்கிறது,
பின்வரிசையில் ஒரு குழந்தை தும்மும் வரை.
இடைவேளையில் சுக்குக் காப்பிகூட நான் தொடவில்லை,
அவ்வளவு கோபம்.

அன்றிலிருந்து நாங்கள் லயக்காரர்கள்,
அவர்கள் பனிக்காரர்கள்.
பனிக்காரர்களுக்குத் தலைவன் கட்டபெட்டு போஜன்,
கேரட் கழுவும் மிஷின் வைத்திருக்கிறவன்.
"உன் முதல் நாடகம் கல்கண்டு. வாயில் போட்டால் தீர்ந்தது" என்பான்.
"உன்னுடையது ஐஸ்கட்டி. அது மட்டும் என்ன நிற்குமா?" என்பேன்.
பஸ்ஸில் அவனுக்குக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்பதும் நான்தான்.
சண்டைக்கு ஆள் வேண்டுமே.

ஒருநாள் இருவரும் சேர்ந்து போய்
அவளிடமே கேட்டுவிட்டோம், எது உசத்தி என்று.
போஜனின் பார்சலைத் தராசில் வைத்தாள்.
"பின்கோடு விட்டுப்போயிருக்கு" என்றாள்.

போன வியாழக்கிழமை பென்ஷன் கூட்டம், வெளியே மழை.
பியூலா முத்திரை குத்த உட்கார்ந்தாள்.
டக், டடக். டக், டடக்.
மை, கடிதம், கடிதம்.
எனக்கு முன்னால் நின்றவளின் குதிகால் தானாக ஆடியது.
லயத்தின் முதல் பாட்டு!
தகரத்தில் விழும் மழை என்று
பதினொரு தடவை நான் நம்பிய தாளம்.
மழையாவது ஒன்றாவது, இந்தக் கட்டை.
பார்த்தாயா என்று போஜனை முழங்கையால் இடித்தேன்.
அவன் உதட்டில் விரல் வைத்தான்.

முகவரி புரியாத ஒரு கவர்.
தூக்கிய கட்டை அந்தரத்திலேயே நின்றது.
எவ்வளவு நேரமோ.
ஆபீஸ் முழுக்க மூச்சு விடவில்லை.
சரி, நான் விடவில்லை.

தோற்றுப்போனேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
கட்டை இறங்கியபோது போஜன்
"தகரமே" என்று முனகியதும் என் காதில் விழுந்ததுதான்.

ஈஸ்டருக்கு மூன்றாவது வருகிறதாம்.
பெயரே வைக்கவில்லை, அதற்குள்
அரவேணுவில் அதை எதிர்த்து ஒரு கோஷ்டி.

நாற்பத்தோரு ஸ்டாம்பு சேர்ந்திருந்தது.
ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டினேன்.
"முதலாவது மாதிரி வேண்டாம்.
இரண்டாவது மாதிரியும் வேண்டாம்" என்று எழுதி
பெயர் போடாமல் பெட்டிக்குள் தள்ளினேன்.
நாளைக்கு அவளே அதைக் குத்துவாள்.
பின்கோடு போட்டிருக்கிறேன்.