உள்தாழ்ப்பாள்

பயிற்சி முடிந்ததும் கொடுத்த தாளில்
கடைசிக் கேள்விக்கு இரண்டு கோடு விட்டிருந்தீர்கள்:
பணிச்சோர்வைக் குறைக்க உங்கள் ஆலோசனை.
ராமநாதபுரத்திலிருந்து வாலிநோக்கம் வரும் கடைசிப் பேருந்தில்
மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன்.
கீழக்கரை வருவதற்குள் கோடு தீர்ந்துவிட்டது.

மூச்சை நான்கு எண்ணி இழுக்கச் சொன்னீர்கள்.
இழுத்தேன்.
நான்கை எட்டுவதற்குள் இரண்டு முறை போன் அடித்தது.

வைகாசியில், ஐந்தாவது தொடர் இரவு.
உப்பளத்துப் பெண் ஒருத்தி பெற்றாள்.
ஆண், மூன்று கிலோ இருநூறு, அதிகாலை நான்கு பதினேழு.
பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது, என் கையெழுத்துதான்.
பிள்ளை அழுததா என்பது மட்டும் ஞாபகம் இல்லை.
'பிறந்தவுடன் அழுதது' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது.
அந்த டிக்கைப் பார்த்துத்தான் பயந்தேன்.
முந்தைய வாரமாக இருந்தால்
பயந்திருக்கவும் மாட்டேன்.

வீட்டில் மகள், காய்ச்சலாக இருக்கிறது என்றாள்.
எத்தனை நாளாய், வாந்தி உண்டா,
அடுத்த ஆள் வாங்க, என்றேன்.
அவள் சிரித்துவிட்டாள்.

செவிலியர் தினத்துக்குச் சால்வை போட்டார்கள்.
மேடையில் ஒருவர் தேவதை என்றார்.
தேவதைக்குச் சிறுநீர் முட்டாது,
ஒப்பந்தம் மார்ச்சோடு முடியாது.
சால்வையைப் பிரசவ அறை சன்னலுக்கு மாட்டியிருக்கிறேன்.
கச்சான் காற்றுக்கு நன்றாகத்தான் தாங்குகிறது.

ஒருநாள், கூட்டித் துடைக்கும் பாக்கியத்தாய்
மருந்து அறையில் என்னைப் பார்த்துவிட்டார்.
குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே
நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தேன்,
கையில் மருந்தேற்றிய ஊசியோடு.
யாருக்கு ஏற்றியது?
அவர் ஊசியைத் தொடவில்லை. டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் நிலோபர் திட்டவில்லை.
முந்தாநாள் சோற்றுப் பொட்டலத்தை
இன்னும் பையில் பிரிக்காமல் வைத்திருக்கிறவர்தான் அவரும்.
மருந்தை வீணாக்கிக் கொட்டினார்.
அட்டவணையைக் கேட்டார்.
இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து யாருக்கும் இல்லை,
சிவப்பு மையில்.
பிறகு மாவட்டத்துக்குக் கடிதம். ஒன்றல்ல, ஏழு.
ஏழாவதுக்கு ஒரு நர்ஸ் வந்தாள், தொண்டிக்காரி, ஜெனோவா.
வந்த அன்றைக்கே என் கையிலிருந்து போனைப் பிடுங்கி
"காலை ஆறு வரைக்கும் இது என் போன்" என்றாள்.

பழைய பதிவேட்டு அறையை ஒழித்துக் கட்டில் போட்டோம்.
கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள்.
பதிவேடுகள் எழுந்து ஓடிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.
உள்ளே போட, ஆம்புலன்ஸ் ஓட்டும் கூரிராசன்
இரும்பில் ஒன்று வாங்கிவந்தார்.
திருக்கை முள் ஏறிய காலோடு பெஞ்சில் கிடந்த சூசைமாணிக்கம்
வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்:
"உப்புக்காத்துக்கு இரும்பு ஆறு மாசம் தாங்காதும்மா.
போட்டுக்கே நாங்க பித்தளைதான் போடுறோம்."
கால் ஆறியதும் அவரே கொண்டுவந்து பொருத்தினார்.
நாலு திருகாணி. ஒன்று கொஞ்சம் சாய்வு.

இப்போது இரவு இரண்டு மணிக்கு
அந்தச் சத்தம் கேட்கும்: டக்.
இருபது நிமிடம்.
வெளியே ஜெனோவா இருக்கிறாள் என்று அர்த்தம்.
அலை பின்சுவர்ப் பக்கம் வந்து வந்து போகிறது.
இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்ததாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.
ஜெனோவாவுக்கும் மார்ச்சில் முடிகிறது.
பாக்கியத்தாய்க்கு அட்டவணையே கிடையாது;
அவர் பெயருக்காக எட்டாவது கடிதம் போயிருக்கிறது.

இரண்டு கோட்டுக்குள்தான் வேண்டுமென்றால்:
ஆள் போடுங்கள்.
தாழ்ப்பாள் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

தாளின் பின்பக்கம் காலியாக இருப்பதால் இதையும்.
போன செவ்வாய் இரவு ஒரு பிள்ளை பிறந்தது. பெண்.
அழுதது.
முதலில் இருமல் மாதிரி, பிறகு கோபமாக,
வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடுகிற அளவுக்கு.
கேட்டுக்கொண்டே நின்றதில்
டிக் போட மறந்துவிட்டேன்.